குவிரே எடுத்த முதுகுப் படங்கள்

இல்லை, அந்தப் பேச்சே தப்பு. குவிரே தையலைத் திருடி விற்றாள் என்று சொல்கிற வாய், முதலில் வீட்டுக்குப் போய்த் தன் சுவரைப் பார்த்துவிட்டு வரட்டும். சாங்சின் மேட்டில் எத்தனை தையல்கூடம் இருக்கிறது, அதில் அவள் எடுத்த படத்தைச் சுவரில் ஒட்டாத கூடம் எத்தனை என்று கேட்டால், எண்ணுவதற்கு ஒரு கை போதும். அந்தக் கையிலும் இரண்டு விரல் மிஞ்சும்.

பேச்சு கிளம்பியது பொதுக்குளியல்கூடத்தில். வெந்நீர்த் தொட்டி ஓரம் நாலு பேர் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டிருக்கையில், தையல்கூடம் நடத்துகிற யோம்தான் ஆரம்பித்தாள்.

"அந்த ஹேரின் பொண்ணு இவளைச் சித்தி, சித்தின்னு சுத்திச் சுத்தி வந்துச்சு. இவ என்னா பண்ணா? அது பெத்த பிள்ளை மாதிரி பாத்துப் பாத்துத் தைச்ச கோட்டு ஒண்ணப் படம் புடிச்சு வித்துட்டா. அப்புறம் மூஞ்சியக் காட்ட முடியாம ஓடிட்டா."

"ஓடுனதை நீ பாத்தியாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாக்கணுமா என்ன? ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரியுமாம். ஊர் என்றால் யோமும் அவள் பன்னிரண்டு தையல் மிஷினும். அந்த மிஷின்களில் என்ன ஓடியது என்று அவள் சொல்லமாட்டாள். அழுக்கை உருட்டி உருட்டி எடுத்து, அவள் முதுகு சிவக்கிற வரைக்கும் தேய்த்தாலும் அது வெளியே வராது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் ஆகவேண்டும்.

குவிரே தேய்ப்புக்காரி. முப்பது வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்தவள். வெட்டுகிறவர், தைக்கிறவர், காஜா எடுக்கிறவர், நூல் நறுக்குகிறவர் எல்லாரும் முடித்த பிறகு துணி கடைசியாக வருவது அவள் கைக்குத்தான். கோணல் தையலைக்கூட நீராவியிலே நிமிர்த்திவிடுவாள். துணியைக் கையில் வாங்கினால் முதலில் திருப்பி முதுகைப் பார்ப்பாள். "முன்பக்கம் எல்லாருக்கும் பயந்து ஒழுங்கா இருக்கும். தைச்சவன் யோக்கியதை பின்னாடிதான் தெரியும்" என்பாள். ஐம்பத்தோரு வயதில் வலது மணிக்கட்டு வீங்கிப் பெட்டியைத் தூக்க முடியாமல் போனது. வைத்தியர் விட்டுவிடு என்றார். விட்டுவிட்டு எதைத் தின்பது என்று அவர் சொல்லவில்லை.

வருஷத்துக்கு இரண்டு பருவம், தொங்தேமுன் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளி நிறப் பெரிய கட்டடத்தில் ஃபேஷன் காட்சிகள் மாசக்கணக்கில் நடக்கும்போது அவளைக் கூப்பிடுவார்கள். திரைக்குப் பின்னால் நீராவிக் குழாயோடு நிற்கவேண்டும். மாடல் பெண் உடுத்தியதும் சுருக்கம் எடுத்துவிடவேண்டும். அவ்வளவுதான். பெண் திரையைத் தாண்டிப் போய்விடுவாள், அந்தப் பக்கம் பாட்டு இடிக்கும், கைதட்டல் கேட்கும். முப்பது வருஷமாக அவள் தேய்த்து அனுப்பிய துணி ஒன்றாவது நடந்து அவள் பார்த்ததில்லை. தொங்குகிற துணி தெரியும், மேசையில் கிடக்கிற துணி தெரியும். நடக்கிற துணி தெரியாது. திரையின் இடுக்கில் ஒரு நாள் எட்டிப் பார்த்தபோது தெரிந்தது தூரத்தில் படிப்படியாக அடுக்கிய மேடையும், அதில் கோழிக்கூண்டு போல நெருக்கியடித்த புகைப்படக்காரர்களும்தான். இங்கேயிருந்து போகிற துணி நேரே அவர்கள் கண்ணுக்குத்தான் போகிறது. அங்கே நிற்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். செய்தால் செய்ததுதான், அவளை எருமை கட்டி இழுத்தாலும் திருப்ப முடியாது.

காட்சிகளைப் புகைப்படம் எடுத்து விற்கிற கம்பெனி நடத்துகிற பாங் என்பவர் புகை பிடிக்கப் பின்வாசல் பக்கம் வருவார். இடது சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்து அதாலே காது குடைவார், அந்த விரலாலேயே லென்ஸ் மேல் தூசு தட்டுவார். காப்பித்தூளைக் கொட்டிய காலிப் பொட்டலத்தையே சுருட்டிக் கரண்டியாக்கிக் கலக்கி, அதை நக்கி வைப்பார். குவிரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, உங்க ஏணியை நான் தூக்குறேன். படம் எடுக்கக் கத்துக் குடுங்க."

"யம்மா, வயசென்ன உங்களுக்கு?"

"உங்களவிட ரெண்டு கம்மிதான் இருக்கும். எனக்குத் தொப்பை இல்ல."

சிரித்துவிட்டார். அவருக்கும் ஆள் வேண்டியிருந்தது. அந்தப் படிமேடையில் ஒரு வழக்கம் உண்டு. காட்சி பிற்பகலில் என்றால் காலையிலேயே வந்து படியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதி இடம் பிடிப்பார்கள். ஒட்டினால் மட்டும் போதாது, கொஞ்சம் அசந்தால் இன்னொருவன் பிய்த்துப் போட்டுத் தன் பெயரை ஒட்டிவிடுவான். டேப் மேல் யாராவது உட்கார்ந்தே இருக்கவேண்டும். குவிரே உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள் என்று பாங் ஒரே நாளில் தெரிந்துகொண்டார். ஒருவன் காலால் நெருக்கியபோது, "தம்பி, சாக்ஸைத் தொவைச்சு எத்தனை நாளாச்சு? உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாளாம். அவன் இரண்டு படி மேலே ஏறிப் போய்விட்டான்.

அந்தப் படிகளைப் பற்றிச் சொல்லவே நாக்கு கூசுகிறது. அத்தனை அழகும் எதிரே நடக்க, அதைப் படம் பிடிக்கிற இடம் பன்றிக்கொட்டில். காய்ந்த கணவாய் மென்று துப்பிய நார், சோற்றுருண்டை சுற்றிவந்த கசங்கிய தாள், ஏப்பம், வியர்வை, ஈரச் செருப்பு. முழங்கையால் விலாவில் இடிப்பார்கள். முன்னால் இருக்கிறவன் தலை உயர்ந்தால் அவன் அம்மாவைத் திட்டுவார்கள். காட்சி தொடங்குவதற்கு முன் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பணக்காரப் பெண்கள் கால் மேல் கால் போட்டிருந்தால், படத்தில் செருப்பு நீட்டிக்கொண்டிருக்கும் என்று, "காலை இறக்கு! காலை இறக்கு!" என்று முப்பது பேரும் சேர்ந்து கத்துவார்கள். குவிரேக்கு அது ஒன்றுதான் பிடித்திருந்தது.

படிப்பு ஒத்திகை நேரங்களில் நடந்தது. பாங் ஒரு பழைய காமிராவைக் கொடுத்தார். மூன்று விஷயம் என்றார். ஷட்டர் எவ்வளவு வேகமாக மூடுகிறது, லென்ஸின் துளை எவ்வளவு திறக்கிறது, வெளிச்சத்தை எவ்வளவு கூட்டி வாங்குகிறது என்கிற ஐ.எஸ்.ஓ. எத்தனை. குவிரே மூன்றையும் தன் பெட்டியோடு சேர்த்துப் புரிந்துகொண்டாள். ஷட்டர் என்பது பெட்டியைத் துணியில் வைத்து எடுக்கிற நேரம். துளை என்பது நீராவி வாய். ஐ.எஸ்.ஓ. என்பது சூடு. ஏற்றினால் வேலை ஆகும், ரொம்ப ஏற்றினால் துணி பொரிந்துவிடும், படத்திலும் மணல் மணலாகப் பொரி விழும். துளையின் கணக்குத்தான் அவளுக்கு ஆத்திரமூட்டியது. எண் பெரிதானால் துளை சின்னதாம்.

"எவன் வெச்ச கணக்கு இது? நாளைக்கு இஸ்திரிப் பெட்டியில ஒண்ணாம் நம்பர்ல கம்பளியும் அஞ்சாம் நம்பர்ல பட்டும்னு வெப்பானா?"

"உங்களைக் கேட்டுத்தான் இனிமே மாத்துவாங்க. திருப்புங்க, நாலு வைங்க."

நடக்கிற பெண்ணுக்கு ஷட்டர் வேகம் ஐந்நூறுக்குக் கீழே போகக்கூடாது, போனால் கை காற்றில் கரைந்துவிடும். காமிராவே அளந்துகொள்ளட்டும் என்று விட்டால், பின்னால் இருக்கிற கறுப்புத் திரையைப் பார்த்து இருட்டு என்று ஏமாந்து பெண் முகத்தை வெளுப்பாக்கிவிடும். ஆகவே எல்லாம் கையாலேயே வைக்கவேண்டும். முன்கால் தரையில் பதிகிற நேரம் பார்த்து அமுக்கவேண்டும். அதுவும் பதிந்த பிறகு அமுக்கினால் பிந்திவிடும், குதிகால் இறங்கும்போதே அமுக்கவேண்டும். இதை அவள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் பெடல் சத்தத்தின் நடுவே இருந்தவளுக்குத் தாளம் சொல்லித்தரவேண்டுமா?

ஒரு தப்பு மட்டும் பண்ணினாள், அதைத் தேய்ப்புக்காரி தவிர வேறு யாரும் பண்ணமுடியாது. விளக்கு ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு நிறம். ஒத்திகையில் வெள்ளைத் தாளை விளக்கடியில் பிடித்து ஒரு படம் எடுத்து, இதுதான் வெள்ளை என்று காமிராவுக்குக் காட்டவேண்டும். பாங் தாளைத்தான் கொடுத்தார். அது பழுப்பு என்று குவிரேக்குத் தோன்றியது. தன் கைக்குட்டையை எடுத்துப் பிடித்தாள். நீலம் போட்டு அலசி, பெட்டி போட்டு, பளீரென்று இருக்கும் கைக்குட்டை. அன்றைக்கு எடுத்த இருநூறு படமும் பழஞ்சோயாக் குழம்பு நிறத்தில் வந்தன. மாடல் பெண்களெல்லாம் மஞ்சள்காமாலைக்காரிகள். காரணம் கண்டுபிடிக்க பாங்குக்கு ஒரு மணி நேரமானது. காமிரா அந்த நீலத்தையே வெள்ளை என்று நம்பி, மற்றதையெல்லாம் மஞ்சளாக்கியிருக்கிறது. படிமேடை முழுக்கச் சிரித்தது. "நீலக்காரம்மா" என்று பெயரும் வைத்தார்கள். அவளோ, "என் கைக்குட்டைதான் வெள்ளை. உங்க காமிராவுக்குத்தான் கண்ணு சரியில்ல" என்று கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து தாளைத்தான் பிடித்தாள்.

இப்போது முதுகுக்கு வருவோம். நடைமேடையான ரேம்பின் முனை வரை வந்த பெண் நின்று, திரும்பி, போய்விடுவாள். அவள் திரும்பியதும் படக்காரர்கள் எல்லாரும் காமிராவை இறக்கி, எடுத்ததை அதன் சின்னத் திரையில் பார்ப்பார்கள், மூக்கைத் துடைப்பார்கள், அடுத்தவளுக்குத் தயாராவார்கள். குவிரே மட்டும் காமிராவை இறக்கவில்லை. முதுகையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, மூஞ்சி போயிருச்சு!"

"போனா போவுது. துணி இன்னும் போகலியே."

அன்று மாலை அலுவலகத்தில் பாங் படங்களைப் பார்த்தார். பாதிக்குப் பாதி முதுகு. திட்ட வாயெடுத்தவர் ஒரு படத்தில் நின்றார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். தோள் தையல் எங்கே பிரிந்து எங்கே சேர்கிறது என்று தெரிந்தது, மடிப்பின் உள்ளே விட்ட துணி எவ்வளவு என்று தெரிந்தது. சுண்டுவிரல் நகத்தால் திரையில் அந்தத் தையலைக் கீறிப் பார்த்தார். அப்புறம் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தவர் அவளுக்குக் கறுப்புக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் வரவழைத்துக் கொடுத்தார்.

"பெரிய இடத்துல உங்க படத்தக் கேக்குறாங்க. இனிமே துளைய எட்டுல வைங்க. சூட்ட ஏத்துங்க, பொரி விழுந்தா விழட்டும். அழகு வேணாம். எல்லாம் தெளிவா விழணும், அது போதும்."

அவள் வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது. முதுகைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கடைசியில் உலகத்தில் கிடைத்துவிட்டார் என்று நினைத்தாள். அடுத்த காட்சியில் டேப்பில் அவள் பெயரே இருந்தது. மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஒற்றைக்கால் தாங்கியில் காமிராவை நிறுத்தினால் வலியில்லை. துணி நடப்பதைக் கண்குளிரப் பார்த்தாள். பெட்டிக்குத் திரும்பவே வேண்டாம் என்று அவள் நம்பிய மாதங்கள் அவை.

ஹேரின், சாங்சின் மேட்டின் அடிவாரத்தில் பாதி நிலத்துக்குள் இருக்கும் அறையில் குடியிருந்து துணி வடிவமைக்கிற பெண். இருபத்தொன்பது வயது. ஒரு கோட்டு செய்தாள். நின்றால் முதுகு மூடியிருக்கும், நடந்தால் நடு மடிப்பு வாய் திறந்து உள்ளே செம்மஞ்சளாக, சீமைப்பனிச்சைப் பழ நிறத்தில் துணி தெரியும். நின்றதும் மறுபடி மூடிக்கொள்ளும். எட்டு மாசம் அந்த மடிப்போடு மல்லுக்கட்டினாள். அது சரியாக விழாமல் அழுதுகொண்டிருந்தவளுக்கு வழி சொன்னது குவிரேதான். உள்பக்கமிருந்து ஈரத்துணி வைத்துத் தேய்த்து, சூடு ஆறும்வரை பலகை வைத்து அமுக்கவேண்டும். ஆறுவதற்கு முன் எடுத்தால் மடிப்பு பல்லைக் காட்டும். மடிப்பு சரியாக விழுந்த நாளில் ஹேரின் தன் காட்சிக்கான நுழைவுச்சீட்டை அவள் கையில் வைத்தாள்.

"சித்தி, என் காட்சிக்கு நீங்க திரைக்குப் பின்னாடி நிக்க வேணாம். முன்னாடி நின்னு பாருங்க. இது உங்க மடிப்பும்தான்."

குவிரே பார்த்தாள், எடுத்தாள். ஷட்டர் எண்ணூறு, துளை எட்டு. மடிப்பு அகலமாகத் திறக்கிற அந்த ஒரு காலடியை ஏழு படத்தில் வரிசையாகப் பிடித்தாள். வாழ்க்கையிலேயே அவள் எடுத்த நல்ல படங்கள் அவை. எல்லாவற்றையும் வழக்கம்போல பாங்கிடம் ஒப்படைத்துவிட்டு, தன் காசில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து ஹேரினுக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் மேட்டில் ஏறி வருகையில் யோமின் கூடத்து வாசலில் குப்பை மூட்டை கிடந்தது. வாய் கட்டாத மூட்டை. உள்ளே வெட்டுத் துண்டுகள், எல்லாம் அதே பழ நிறம். குவிரே நின்றாள். ஒரு துண்டை எடுத்து விரலில் உரசினாள். மட்டமான துணி, உரசினால் கிரீச்சென்கிற துணி. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. சுவரில் அவள் படம். ஆளுயரத்துக்கு அச்சடித்து, மசால் குழம்பு தெறித்த சுவரில் ஒட்டியிருந்தார்கள். மடிப்பின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் அளவு. அந்தப் பெண்ணின் முதுகை அறுவைக்குக் கிடத்தியது மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தில் யாரோ விரலைத் துடைத்த எண்ணெய்க் கறை.

யோம் எழுந்து வந்தாள், முகமெல்லாம் பல்.

"ஏண்டி குவிரே, உன் படமாமே! பாங் சொன்னாரு. அடேயப்பா, என்னா தெளிவுடி! இஞ்சுக்குப் பதினோரு தையல்னு எண்ணி எடுத்துட்டோம். ராத்திரிச் சந்தைக்கு முதல் சரக்குப் போயிருச்சு, தெரியுமா?"

குவிரே கையிலிருந்த துண்டை மேசையில் போட்டாள்.

"வந்ததுதான் வந்த, இந்த மடிப்பு மட்டும் எங்களுக்கு விழமாட்டேங்குது. வாயப் பொளந்துக்கிட்டே நிக்குது பாரு. எப்படித் தேய்க்கணும்னு ஒரு தடவ காட்டிட்டுப் போடி. உன் கைக்குத்தான் அது படியும்."

இஸ்திரிப் பெட்டியை எடுத்து நீட்டினாள். இதுதான் நடந்தது. குளியல்கூடத்தில் ஹேரினுக்காகக் கண்ணைக் கசக்கிய அதே யோம், அதே கையால் நீட்டினாள். சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தியும் தலை தூக்கவில்லை. கால்கள் மட்டும் பெடலில் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா, அந்தப் பொண்ணு வீட்டுக்கு நீ புத்தாண்டுக்கு அரிசிக்கேக் குடுத்தனுப்புனியே."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. அதுல ஒண்ணத் தின்ன எனக்கு இப்பக் குமட்டுது."

வெளியே வந்து சாக்கடை ஓரம் குந்தினாள். உண்மையாகவே வாந்தி வந்தது. யோம் மேல் உள்ள வெறுப்பில் வந்தது பாதி. மீதி தன் மேல். சுவரில் பார்த்த அந்தக் கணத்தில், ஒரே ஒரு கணம், எவ்வளவு நல்லா எடுத்திருக்கேன் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே பாங்கிடம் போனாள். அவர் செய்தித்தாளை விரித்துக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நகம் ஒன்று காமிராப் பைமேல் தெறித்தது, அவர் கவனிக்கவில்லை.

"முதலாளி, பெரிய இடம்னீங்களே. யோமக்கா கூடந்தானா பெரிய இடம்?"

"பின்ன? எந்தப் பத்திரிகைக்காரன்மா முதுகை வாங்குவான்? முன்பக்கம் ஊரு பூரா கெடைக்குது. முதுகுதான் எவன்கிட்டயும் இல்ல."

"அது திருட்டு."

"திருட்டா?" பாங் நகவெட்டியைக் கீழே வைத்தார். "உங்க மேட்டுல இந்த மாசம் எத்தன அடுப்பு எரியுது, போய்ப் பாருங்க. எல்லாம் உங்க படம் போட்ட சோறு. அந்தக் காலத்துல நீங்க தேய்ச்சீங்களே, அதெல்லாம் யார் பெத்த டிசைனு? கேட்டீங்களா? வேலைச் சீட்டு வெச்சு வந்துச்சு, தேய்ச்சீங்க."

அது உண்மைதான். முப்பது வருஷத்தில் பெட்டியின் கீழே எத்தனை நகல் போயிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. மேட்டில் பிறந்த யாருக்கும் தெரியாது. நகல் என்று யாரும் சொல்வதில்லை, "அவசர வேலை" என்றுதான் சொல்வார்கள். அந்த நாற்றத்தோடேயே பிறந்து வளர்ந்ததால் மூக்குக்கு எட்டாமலிருந்தது. இப்போது எட்டிவிட்டது.

"அடுத்த மாசம் கிழவனார் காட்சி" என்றார் பாங். சந்தையே மரியாதையாகப் பேர் சொல்கிற ஒரு மூத்த வடிவமைப்பாளர் அவர். "தோள்பட்டை வைக்கிறதுல மன்னன். முதுகுல இருந்து எடுத்தாத்தான் புடிபடும். வரலேன்னா சொல்லிருங்க. ஏணி தூக்க வேற ஆளு பாத்துக்கிறேன், நீங்க பெட்டியத் தூக்குங்க."

அவள் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

குவிரே ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஹேரின் அறைக்கு இறங்கினாள். கோட்டுக்குச் சொல்லிவைத்த கடைகள் இரண்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டிருந்தன. சந்தையில் கால் விலைக்குத் தொங்குகிறதை யார் முழு விலைக்கு எடுப்பார்கள்? அந்தப் பெண் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. குவிரே ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, ஒளிக்காமல் எல்லாம் சொன்னாள். எடுத்தது நான்தான், எதற்கென்று தெரியாது, தெரியாதென்பதால் தப்பு குறையாது, அடி, திட்டு, என்ன வேண்டுமானாலும் செய் என்றாள்.

ஹேரின் அழுதது. பிறகு, "அந்தப் படம் இருக்கா சித்தி?" என்றது. குவிரே போனில் காட்டினாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிதாக்கியது. இன்னும் பெரிதாக்கியது. பாங் செய்த அதே விரல் வேலை.

"இவ்ளோ தெளிவா எடுக்க முடியுமா? என் மடிப்பே எனக்கு இப்பத்தான் புரியுது." போனைத் திருப்பிக் கொடுத்தது. "சித்தி, அடுத்த மாசம் கிழவனார் காட்சிக்கு நீங்க போவீங்கல்ல?"

"ஏன்?"

"அந்தத் தோள்... அவர் எப்படி வைக்கிறார்னு யாருக்குமே தெரியாது. எனக்கு ஒரு நாலு படம் மட்டும். நான் அவங்கள மாதிரி இல்ல சித்தி. காப்பியடிக்க மாட்டேன். பாத்துக் கத்துக்கத்தான். எனக்கு நடந்ததுக்கு, இதாவது..."

குவிரே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும் முகமாக இல்லை. அதுதான் இன்னும் மோசம். அதன் கையிலிருந்த பாதி ஆரஞ்சைத் திருப்பி வாங்கி, பையில் போட்டு, பையையும் எடுத்துக்கொண்டு படியேறினாள். கொடுத்ததைத் திருப்பி வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வாங்கலாம். சில நாளில் வாங்கத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அவள் கிழவனார் காட்சிக்குப் போனாள். மறைக்க என்ன இருக்கிறது? போனாள். கிழவனார் தைத்த தோள் நடந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை. பெட்டிக்குத் திரும்புவதை நினைத்தால் மணிக்கட்டு இப்போதே வலித்தது. முன்பக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

காலையிலிருந்து டேப் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒத்திகையில் வெள்ளைத் தாள் பிடித்தாள், ஷட்டர் எண்ணூறு வைத்தாள். மூன்று மணிக்கு ஆட்கள் நிரம்பினார்கள். மூன்றாம் வரிசையில் ஹேரின் இருந்தது. படிமேடையைத் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தது. போனில் யோம் செய்தி அனுப்பியிருந்தாள்: கையும் அக்குளும் சேர்ற இடம் நல்லா விழட்டும்டி, போன தடவ அங்க இருட்டு. பக்கத்தில் பாங் கோழிக்கால் எலும்பைத் தாளில் சுற்றிப் படிக்கடியில் தள்ளிவிட்டு, எண்ணெய்க் கையை அவள் தோளில் வைத்தார்.

"எட்டுல வெச்சீங்களா?"

"வெச்சிருக்கேன்."

காலை இறக்கு என்று கத்தினார்கள். விளக்கு அணைந்து, எரிந்தது. முதல் பெண் வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு. குவிரே முன்பக்கத்தை எடுத்தாள், குதிகால் இறங்குகையில், சரியாக. பெண் முனையில் நின்று திரும்பினாள். எல்லாக் காமிராவும் இறங்கின. குவிரேயின் விரல் பட்டன் மேல் இருந்தது. லென்ஸ் வழியே அந்தத் தோள் தெரிந்தது. தையலே இல்லாதது போல, தோளிலிருந்து கைக்கு நீர் மாதிரி இறங்கியது. முப்பது வருஷத்தில் அவள் அப்படி ஒன்றைப் பெட்டிக்கடியில் பார்த்ததில்லை. அந்த அழகுக்காகக் குழம்பு தெறித்த சுவர் காத்திருக்கிறது, மூன்றாம் வரிசை காத்திருக்கிறது, தோளில் இந்த எண்ணெய்க் கை காத்திருக்கிறது. அவள் கண்ணைக் காமிராவிலிருந்து எடுத்து, வெறுங்கண்ணால், பெண் திரைக்குள் மறையும் வரை பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?" பாங் பல்லைக் கடித்தார். "எடுங்க! அடுத்தவ வர்றா!"

குவிரே காமிராவைத் தாங்கியோடு தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"கையைத் தொடைச்சிட்டு நீங்களே எடுங்க."

எழுந்தாள். காட்சி நடுவே படிமேடையில் யாரும் எழுந்திருப்பதில்லை. ஒருவர் இறங்கினால் மொத்தப் பலகையும் ஆடும், முப்பது பேர் படமும் கலையும். அந்த வழக்கம் அவளுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் இறங்கினாள். முழங்கால்களுக்கு நடுவே, தோள்களைப் பிடித்து, ஏணிகளைத் தாண்டி, மெதுவாக, வயசானவள் இறங்குகிற மாதிரி இறங்கினாள். பலகை குலுங்கியது.

"யோவ், யாருய்யா அது!"

"நீலக்காரம்மா! உக்காருங்க! எல்லாம் போச்சு!"

"கெழவிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!"

கடைசிப் படியில் பிடிமானத்துக்குப் பலகையின் அடியைப் பிடித்தபோது எவனோ மென்று ஒட்டிய சூயிங்கம் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. ஈரம் காயாத கம். ஹேரின் பாதி எழுந்து அவளைப் பார்த்தது. குவிரே பார்க்கவில்லை. சுவரோரம் நடந்து பக்கத்துக் கதவைத் தள்ளினாள். ஓடவில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தில், அத்தனை கண்ணுக்கும் முன்னால், சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்துதான் போனாள்.

கதவுக்கு வெளியே காவல்காரர் கையை நீட்டினார்.

"அம்மா, வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டோம். பரவாயில்லையா?"

"விட்டாலும் வரமாட்டேம்பா." உள்ளங்கையைக் காட்டினாள். "இங்க கை கழுவ எங்க தண்ணி வரும்?"

அவர் இடது பக்கம் காட்டினார். அவள் அந்தப் பக்கம் போனாள்.